கடைசிச் சுற்றுக்கான இசை

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிட முடியுமா, சார்? வெக்கை எனக்குப் பழக்கம்தான். ஆனால் அது சுற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தயங்குகிறது. காது அந்தத் தயக்கத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. நன்றி. இனி எனக்குப் பேச வரும்.

தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் எல்லையோரத்துப் பாறசாலைக்காரர் என்று ஏட்டு சொன்னார். நாங்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். என் பெயர் ரத்னாபாய். வயலின் சொல்லிக்கொடுக்கிறேன், சபையில் கொயரையும் நான்தான் நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை லீலாபாய் வீட்டு மாடியில் இருந்தேன். அவள் கணவர் நேசையன் மஸ்கட்டில் டிரைவர். ஷாலு அவர்களுக்கு ஒரே பெண். என் மேல் புகார் கொடுத்தது லீலா என்று தெரியும். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு இசை தெரியாது.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். அதைச் சொல்கிறேன்.

படத்திலிருந்து தொடங்க வேண்டும். தொண்ணூற்றெட்டில் இங்கே மலையாளத்தில் ஒரு ஓட்டக்காரியைப் பற்றிப் படம் எடுத்தார்கள். வித்துராவுக்கு மேலே ஏதோ எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற பெண், வெறுங்காலில் ஓடி மெடல் வாங்குவாள். பெயர் வேண்டாம், நீங்களும் பார்த்து அழுதிருப்பீர்கள். சென்னையிலிருந்து பெரிய இசைக்குழுவை வரவழைக்க வசதியில்லாமல் இசையமைப்பாளர் இங்கேயே ஆள் சேர்த்தார். சர்ச்சில் வாசிக்கிறவர்கள், வானொலிக்காரர்கள், கல்யாண பேண்டில் ஊதுகிறவர்கள். வயலின் வரிசையில் நான் முதல் நாற்காலி. கடைசி ஓட்டத்துக்கு மட்டும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. “டீச்சர் எந்தெங்கிலும் எழுதிப் பாருங்க” என்றார். எழுதினேன்.

கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற மணியோசையில் தொடங்கும். பிறகு செல்லோக்கள் மட்டும், தரையோடு தரையாக. வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். கதாநாயகி முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் தடுக்கி விழும் இடத்தில் எல்லாம் நின்று ஒரே ஒரு செல்லோ மிச்சமிருக்கும். அவள் எழும்போது கொம்பு வாத்தியங்கள். கடைசியில் பெண்குரல்கள். எங்கள் கொயர் பிள்ளைகள்தான் பாடினார்கள், ஷாலுவும் அதில் ஒருத்தி. வெறும் ‘ஆ’ மட்டும்தான். இயக்குநர் வெற்றி, நம்பிக்கை என்று நாலு சொல் போடச் சொன்னார். முடியாது என்றேன். ஓடுகிறவளிடம் சொல்லுக்கு ஏது மூச்சு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

பின்னணி இசை வாசிக்கும்போது எங்கள் காதில் ஹெட்போன் இருக்கும். அதில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் சீராக வந்துகொண்டிருக்கும். கிளிக் என்போம். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்போம். படம் பார்க்கிறவர்களுக்கு அது கேட்காது. தங்களை எது நடத்திக்கொண்டு போகிறது என்று தெரியாமல்தான் அவர்கள் அழுகிறார்கள். எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடித்திருந்தது.

படம் வந்ததும் லீலாவையும் ஷாலுவையும் கூட்டிக்கொண்டு தம்பானூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். கடைசி ஓட்டம் வந்தது. என் இசையைப் பாதிக்கு மேல் வெட்டியிருந்தார்கள். நாங்கள் வாசித்து முடித்த பிறகு படத்தை மறுபடி சுருக்கியிருக்கிறார்கள், அதற்கேற்ப இசையையும் நறுக்கிவிட்டார்கள். மிச்சத்தின் மேல் கூட்டத்தின் கூச்சல். அதுகூடப் பரவாயில்லை. அந்த நடிகைக்கு ஓடத் தெரியவில்லை, சார். இந்த மரத்திலிருந்து அந்தக் கேமரா வரைக்கும் என்று துண்டு துண்டாக ஓடியிருக்கிறாள். அவள் பாதம் ஒன்றுகூடத் தாளத்தில் விழவில்லை. இரண்டு தட்டுக்கு நடுவில், இரண்டு தட்டுக்கு நடுவில் என்று விழுந்துகொண்டே இருந்தது.

“எக்கா, எனக்க நெஞ்சே அடைக்குது, என்ன ஒரு மியூசிக்கு” என்று லீலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

எனக்கோ, ஒரு பிள்ளையைப் பெற்று, அதற்கு வேறு யாருடைய கைகால்களையோ ஒட்டவைத்து நடக்கவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டேன். முன் சீட்டின் இரும்புக் கம்பியில் ஷாலு தன் கான்வாஸ் ஷூ நுனியால் தட்டிக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்துத் தட்டவில்லை. இசையைக் கேட்டுத் தட்டினாள். ஒன்றும் தப்பவில்லை.

அவள் அப்போதே பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டும். ஜில்லாவில் மூன்றாவது, நான்காவது என்று வருவாள், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். தோற்றுவிட்டு அப்படிச் சிரிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஓட்டம் ஒரு விளையாட்டு. அதை மாற்றியது நான்தான். இதை நல்ல காரியமாகத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஸ்டுடியோவிலிருந்து வெட்டுப்படாத இசையை ஒரு கேசட்டில் எடுத்து வந்தேன். ஒரு வாக்மேனும் வாங்கிக் கொடுத்தேன். காலையில் நானும் அவளோடு மைதானத்துக்குப் போவேன். கடைசிச் சுற்றை மட்டும் அதைக் கேட்டுக்கொண்டு ஓடச் சொன்னேன். அவளுடைய கோச் ஷிஜு நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது.

“டீச்சரே, பிடில் வாசிச்சு மெடல் கிட்டுமெங்கில், நாளைக்கு ஒரு செண்டை மேளத்தையும் கொண்டு வரட்டா?”

“கொண்டு வாங்க. தாளம் தப்பாம அடிப்பாங்களாண்ணு மட்டும் பாத்துக்கிடுங்க.”

ஷாலு சிரித்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் ஒரு மாதத்தில் ஸ்டாப் வாட்சைப் பார்த்து ஷிஜு சார் சிரிப்பதை நிறுத்தினார்.

அவள் பாதம் தாளத்தில் விழுந்தது, சார். செல்லோ வரும்போது வளைவு, வயலின் சேரும்போது எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதை. நான் காகிதத்தில் எழுதியது செம்மண்ணில் எழும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒருநாள் எனக்குத் தோன்றியது, இந்த வேகம் அந்த நடிகைக்காக வைத்தது அல்லவா என்று. அவளால் முடிந்த வேகம் அது. இசைக்கு அதுவல்ல வேகம்.

கேசட்டைக் கொஞ்சம் வேகமாக ஓட விட்டால் சுருதியும் கூடவே ஏறிவிடும். ஷாலு கொயரில் வளர்ந்த பிள்ளை, உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் என் மாணவர்களை வைத்து, கொம்புக்கு மட்டும் கீபோர்டை வைத்து, அதே சுருதியில் மறுபடி வாசித்துப் பதிவு செய்தேன். கிளிக்கை ஒரு நூலளவு முடுக்கிவைத்தேன். சபையில் வாலிபர் ஞாயிறு ஆராதனைக்கு என்று சொல்லிக் கொயர்க் குரல்களைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொண்டேன். “இது நல்ல ரிக்கார்டிங், மக்களே. பழசு தேஞ்சுபோச்சு” என்று ஷாலுவிடம் கொடுத்தேன். அது பழகியதும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு நூலளவு. அவளுக்குத் தெரியவில்லை. தனக்கு எழுதிய ஒரே இசை, ஒரே வேகம் என்றுதான் நம்பியிருந்தாள்.

“பெரியம்மே, எனக்கு என்னமோ ஆவுது” என்றாள் ஒருநாள், புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு. “சார் டைம் நல்லா இருக்குண்ணு சொல்றார். ஆனா பாட்டு என்னை விட்டுட்டுப் போவுது. முன்னெல்லாம் கூடவே வரும். இப்போ தொரத்திப் பிடிக்கணும்.”

“மடி, சோம்பல். வேறே ஒண்ணும் இல்ல” என்றேன்.

அவள் நம்பினாள். தன்னை மந்தமானவள் என்று நினைத்துக்கொண்டு, ஜில்லாவில் யாரும் ஓடாத வேகத்தில் அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அந்த நாட்களில்தான் போயிற்று. நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

நீங்கள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி விஷயம்தான் உங்களுக்கு வேண்டும். மறைக்கவில்லை. ஓணம் விடுமுறையில், கொயர்ப் பயிற்சியின்போது ஷாலு நின்ற இடத்திலேயே சரிந்தாள். லீலாவுக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே தலை சுற்றும். நான்தான் கூட்டிப்போனேன். இளம் டாக்டர், பெண். நெஞ்சில் ஒரு கருவியை வைத்துத் திரையில் இதயத்தைக் காட்டினார். அதன் சத்தத்தையும் கேட்க வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு இரைச்சல், ஆர்மோனியத்தின் கிழிந்த துருத்தியில் காற்று ஒழுகுகிற மாதிரி.

ஷாலுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் விளக்கினார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்யலாம். அதற்குப் பிறகு படிக்கலாம், பாடலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், பேரப்பிள்ளை பார்க்கலாம். அதுவரை ஓடவே கூடாது, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடக்கூடாது. அதற்குப் பிறகும் போட்டியில் ஓடுவது நடக்காது. “மனசிலாயோ?” என்று இரண்டு முறை கேட்டார். “மனசிலாயி” என்றேன். நன்றாகவே மனசிலாயிற்று.

வீட்டில் ரத்தக்குறைவு என்று சொன்னேன். லீலா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே ஆட்டு ஈரல் வாங்கப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஈரலும் முருங்கைக்கீரையும் இல்லாத நாள் கிடையாது. ஷாலு மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்பாள். “எக்கா, பிள்ளைக்க மூஞ்சியிலே நெறம் வந்திருக்கு, பாத்தியா?” என்று லீலா என்னைக் கேட்பாள். ஆமாம் என்பேன்.

சீரில்லாத ஒன்றைச் சீரான தாளத்தோடு சேர்த்து ஓடவிட்டால் அதுவும் சீராகிவிடும் என்று நம்பினேன் என உங்களிடம் சொல்லலாம். போன வாரம் வந்த வக்கீலிடம் அப்படித்தான் சொன்னேன். கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அது அடக்கத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றியது. டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது வேறு. மாநிலத் தடகள மீட் டிசம்பரில். ஆபரேஷனை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் நினைத்தேன்.

அவளைத் தவிர வேறொரு பெண்ணுக்கு அந்த இசையைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தேன். ஷாலுவோடு ஓடுகிற ஜிஜிக்கு ஒருநாள் வாக்மேனைக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண், ஆனால் அவள் பாதத்துக்குக் காது கிடையாது.

மாநில மீட் இங்கேயே நடந்தது. ஓட்டத்தில் ஹெட்போன் போட அனுமதி இல்லை. அன்று காலை லீலா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது ஷாலு படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை இறுக்கினாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு லேசு.

“இன்னைக்குப் பாட்டு கிடையாது, இல்லியா பெரியம்மே?”

“எப்பிடிப் போட விடுவாங்க?”

“நல்லதாப் போச்சு. எனக்க இஷ்டத்துக்கு ஓடுவேன். தோத்தா வையக் கூடாது.”

“ஓடு மக்களே” என்றேன்.

என் பையில் கேசட் இருந்தது. கடைசியாகப் பதிவு செய்தது, அவள் கேட்டிராதது. அதில் கிளிக்கை நூலளவு கூட்டவில்லை. இசை எந்த வேகத்தைக் கேட்டதோ அந்த வேகத்தில் வைத்திருந்தேன். அவள் எந்தப் பயிற்சியிலும் அந்த வேகத்தில் ஓடியதில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். இதை இரண்டு முறை கேட்க வேண்டாம், சார்; எனக்குத் தெரிந்திருந்தது.

மைதானத்தில் மைக் செட் வேல்சாமியுடையது. தென்காசிப் பக்கத்து ஆள், எங்கள் சபை விழாக்களுக்கும் அவர்தான். போட்டிகளுக்கு நடுவில் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கேசட்டைக் கொடுத்து, பெண்கள் எண்ணூறில் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் இதைப் போட வேண்டும் என்றேன். ஹெட்போனில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார்.

“என்னக்கா, பாட்டையே காணும்? வெறும் ஃபிடிலால்லா இருக்கு.”

“அவ்வளவுதான்.”

“இதக் கல்யாண வீட்டுல போட்டா, பந்தியில இருக்கவன் பூரா எலையோட எந்திச்சு ஓடிருவான்.”

“ஓடத்தான் போடச் சொல்லுதேன்” என்றேன். அவர் சிரித்தார். அவரை இதில் சேர்க்காதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் சுற்றில் ஷாலு நாலாவதாக ஓடினாள். தோளைத் தளர்த்திக்கொண்டு, பழைய ஷாலுவாக, தன் இஷ்டத்துக்கு. பக்கத்தில் ஓடிய ஜிஜியிடம் ஏதோ சொன்னாள் என்றுகூட நினைக்கிறேன். அப்படியே ஓடியிருந்தால் நாலாவதாகவே வந்து, சாயங்காலம் வீட்டில் ஈரல் வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கும் இது தெரிகிறது. நான் கல் இல்லை.

மணி அடித்தது. வேல்சாமி பொத்தானை அழுத்தினார்.

மரத்திலும் கம்பத்திலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களிலிருந்து செல்லோக்கள் வந்தன. ஷாலுவின் தலை சட்டென்று திரும்பியது. ஒரே ஒரு அடி தயங்கினாள். பிறகு அவள் பாதம் தாளத்தில் விழுந்தது. அவளால் விழாமல் இருக்க முடியாது. நான் அப்படிப் பழக்கியிருந்தேன். எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் இரண்டு பேரைத் தாண்டினாள். வளைவுக்கு முன்னால் முதலாவதாக ஓடியவளையும் தாண்டினாள். ஷிஜு சார் ஸ்டாப் வாட்சைப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டு தடத்தின் ஓரமாகவே ஓடினார். கூட்டம் எழுந்து நின்றது. அந்த இசை அன்றைக்குத்தான், சார், முதல் தடவையாக வாசிக்கப்பட்டது. தியேட்டரில் கேட்டது இசையே அல்ல. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது இந்த ஒரு சுற்றுதான். அதை யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

கடைசி வளைவின் ஓரத்தில்தான் மைக் மேசை. நான் அங்கேதான் நின்றேன். என்னைத் தாண்டும்போது ஷாலு என் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது.

கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தாள். படத்தில் அந்தப் பெண் விழும் அதே இடம்தான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். வயலின்கள் நின்று ஒற்றைச் செல்லோ மிச்சமிருந்தது. ஷிஜு சார் அவளைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். வேல்சாமி, “எக்கா, ஆஃப் பண்ணிரட்டா” என்று கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் எழுவதற்கான இடம் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. கொம்புகள் வந்தன. அவள் எழவில்லை. பிறகு குரல்கள் வந்தன. அதில் ஷாலுவின் குரலும் இருந்தது. மூன்றாவது குரல், கொஞ்சம் மூக்கால் பாடுவது. அது முடியும்வரை நான் அவர் கையை விடவில்லை.

அடக்கத்தன்று அந்த டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தேனே, யாரும் கேட்கவில்லையா என்று லீலாவிடம் அழுதார். லீலா என்னைப் பார்த்தாள். “எக்கா, நீ எனக்க பிள்ளைய என்ன செய்த?” என்றாள். அதற்கான பதிலை இப்போது எழுதிக்கொள்ளுங்கள். அவள் இதயம் தாங்காது என்று தெரிந்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, தாங்காத வேகத்தில் அவளை ஓட வைத்தது நான். வேறு யாரும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் திருத்த வேண்டும். பின்னால் ஓடி வந்த ஜிஜி உங்களிடம் சொன்னதை ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். வளைவில் ஷாலு என்னைப் பார்த்து, “நிறுத்துங்க பெரியம்மே, நிறுத்துங்க” என்று சொன்னாளாம். ஜிஜி சின்னப் பெண், பயந்துபோயிருக்கிறாள். எனக்கும் ஏதோ சத்தம் கேட்டது, அவளைவிடப் பக்கத்தில் நின்றவள் நான். அந்த வேகத்தில் ஓடுகிறவளிடம் சொல்லுக்கு ஏது மூச்சு? பாடினாள் என்று எழுதுங்கள், சார்.